பதைப்பு

மூன்றாவது சுற்றில் சாலம்மாவின் இடது விலா எலும்பு முறிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், இருட்டறையில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு அந்த முறிவை முழுசாக வாங்கிக்கொண்டாள். முதலில் ஒரு சூடு. பிறகு மூச்சு உள்ளே போக மறுத்தது. அதற்கப்புறம்தான் வலி வந்தது. வலது கை தானாக வலியைக் குறைக்கும் குமிழைப் பின்னால் திருப்பியது.

சில நொடிகள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை முடித்துவிட்டு உணர்வுச் சட்டையை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது, சிநேகிதன் விளையாட்டாக விலாவில் இடித்ததுபோல. அவர்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், இன்னொன்று கேட்டார்கள்.

அதுதான் ஈஸ்வரியின் வேலை. சண்டைக்காரிகளின் தோலுக்கடியில் மயிரிழைபோல ஒரு வலை பதித்திருந்தார்கள். வாங்குகிற ஒவ்வோர் அடியும் அந்த வலை வழியாக முதலில் டேஸ்டரின் உடம்புக்கு வரும். எவ்வளவு குறைத்தால் பார்க்கிறவர்களுக்கு ஆபத்து வராது, எவ்வளவுக்கு மேல் குறைத்தால் சப்பென்று போய்விடும் என்று டேஸ்டர்தான் தீர்மானித்து வெளியே அனுப்ப வேண்டும். குன்னூரில் தேயிலையை ருசி பார்க்கிறவர்களை வைத்து யாரோ அந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சண்டைக்காரிக்கு ஒருவராக ஒரு சண்டைக்கு இரண்டு டேஸ்டர்கள், இரண்டு இருட்டறைகள்.

அந்த வேலையில் ஈஸ்வரியை மிஞ்ச ஆளில்லை.

அதற்கு முன்னால் அவள் எந்த வேலையிலும் தங்கியதில்லை. வங்கியில் இருந்தபோது பக்கத்து மேஜைக்காரியை மேனேஜர் திட்டினால் இவளுக்கு வாந்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. எதுவும் தெரியாத மாதிரி, எதுவும் உறைக்காத மாதிரி முகத்தையும் உடம்பையும் கட்டிப்போட்டு வைத்திருக்க அவள் சின்ன வயதிலேயே பழகியிருந்தாள். அப்படிக் கட்டிப்போட்டு வைத்திருந்த களைப்பிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது.

கோயம்புத்தூருக்கு வெளியே, பழைய வார்ப்படப் பட்டறை ஒன்றைச் சண்டைக் கூடமாக மாற்றியிருந்த திருமூர்த்திதான் அவளை நேர்காணல் செய்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை.

“ட்யூப்லைட் எரியறப்ப ஒரு சத்தம் வருமுங்களே. உங்களுக்குக் கேக்குதுங்களா?” என்று கேட்டார்.

ஈஸ்வரி தயங்கினாள். “கேக்குதுங்க. இப்பக்கூட.”

அவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையையும் பாதி இழுத்துவிட்டார். “இப்பப் பரவால்லீங்ளா?”

ஈஸ்வரி அழுதுவிட்டாள். அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்த அலுவலகத்தில் யாரும் கதவை அறைந்து சாத்த மாட்டார்கள். யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வர மாட்டார்கள். சண்டை முடிந்ததும் டேஸ்டர்களுக்கென்று வெதுவெதுப்பான ஒரு ஓய்வறை, அதில் கனத்த போர்வைகள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழலாம். இதுக்கெல்லாமா அழுவாங்க என்று கேட்க ஆளில்லை. ஈஸ்வரி நன்றாகத் தூங்கினாள், உடம்பும் தேறியது. ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர் கேடயம் வாங்கியபோது அண்ணியே வந்து கை தட்டினாள்.

அடுத்த அறை டேஸ்டர் ஞானசேகரன், நாற்பதைத் தாண்டியவர், சாது. அடிமாட்டு லாரி எதிரே வந்தால் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறவர். சண்டை முடிந்து இருவரும் ஓய்வறையில் தேநீரோடு உட்காரும்போது, அன்று யாருக்கு எங்கே விழுந்தது என்று சொல்லிக்கொள்வார்கள்.

“மிஷினு அடியோட வேகத்தத்தான் அளக்கும் அம்மிணி” என்பார் அவர். “அதே அடி பயந்துட்டிருக்கறவளுக்கு ஒரு வலி, பசியோட இருக்கறவளுக்கு வேற வலி. அத நம்ம தோலுதான் அளக்கோணும். நாம இல்லீன்னா வூட்டுல உக்காந்து பாக்கறவனெல்லாம் நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்துருவான்.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார். ஈஸ்வரியும் நம்பினாள். நாம் வலியை உண்டாக்கவில்லை, தடுத்து நிறுத்துகிறோம் என்று.

சாலம்மா வந்தபிறகு அந்த நம்பிக்கை ஆட ஆரம்பித்தது. தர்மபுரிப் பக்கத்துப் பெண். பெரிய அடிக்காரி இல்லை. புள்ளிக் கணக்கில் பெரும்பாலும் தோற்றாள். ஆனால் விழ மாட்டாள். முகம் கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தாலும் நின்றுகொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள்மேல் பைத்தியமே பிடித்திருந்தது. விழாத சாலா என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒருவர் உடம்பை மாதக்கணக்கில் உள்ளேயிருந்து அறிந்தால் சில விஷயங்கள் தெரிந்துவிடும். அடி வருவதற்கு முன்னால் எல்லா உடம்பும் ஒடுங்கும். சாலம்மாவின் உடம்பு ஒடுங்குவதில்லை. அடி வருகிற நேரம் பார்த்து முகத்துக்கு முன்னாலிருக்கும் கையை அவள் கொஞ்சம் இறக்கினாள். வேண்டுமென்றே. தாகத்தில் இருப்பவள் தண்ணீருக்கு வாயைத் திறப்பதுபோல.

இன்னொன்றும் இருந்தது. சண்டை தொடங்குவதற்கு முன்பே, யாரும் தொடுவதற்கு முன்பே, அவளுடைய இடது கண்ணுக்குப் பின்னால் ஓர் அழுத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் அது தடித்தது.

திருமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் பதறிப்போய் டாக்டரை வரவழைத்தார். இரண்டு நாளில் கூப்பிட்டுச் சொன்னார்: “படத்துல ஒண்ணும் தெரியலீங்க. நீங்க ரொம்ப வருத்திக்காதீங்க. வேணும்னா ரெண்டு வாரம் ஊட்டிக்குப் போய்ட்டு வாங்க, நம்ம வண்டியிலயே.”

படத்தில் தெரியாதது தன் மண்டைக்குள் தெரிகிறதே என்று ஈஸ்வரிக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை.

டேஸ்டரும் சண்டைக்காரியும் சந்திக்கக் கூடாது என்பது அங்கே விதி. மறுநாள் காலையில் ஈஸ்வரி ஐஸ் தொட்டி வைத்திருந்த அறைக்குள் நுழைந்தாள். சாலம்மா கழுத்துவரை பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்ந்திருந்தாள். நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். ஒரு புருவத்தில் ஏழெட்டுத் தையல். கதவருகே நின்ற ஈஸ்வரி அவளைப் பார்த்ததும் தன் இடது விலாவைத் தொட்டுக்கொண்டாள்.

சாலம்மா அதைப் பார்த்துவிட்டாள். “நீதானா அது?” என்றாள்.

“எது?”

“அந்த ரூம்ல இருக்கறவ. நான் அடி வாங்குனா பதறுவியே. நீதானே அக்கா?”

ஈஸ்வரிக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒரு குத்து விழுந்ததுமே எனுக்குள்ள சின்னதா ஒண்ணு வரும்க்கா” என்றாள் சாலம்மா, தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு. “வலி இல்ல அது. யாரோ ‘ஐயோ’ன்னு துடிக்கற மாதிரி. மொத தடவ வந்தப்ப இன்னான்னே தெரில. அப்பறம் புரிஞ்சுது. இந்த வலை ரெண்டு பக்கமும் போவுது. நான் வாங்கறது உனுக்கு வருது. நீ பதறுறது எனுக்கு வருது.”

“அதுக்காகவா கைய எறக்குற?”

 சாலம்மா பனிக்கட்டி ஒன்றை விரலால் அமுக்கி அமுக்கி விட்டாள்.

“ஓசூர்ல கம்பெனி லைன் வூடு. ஒரே செவுரு, ரெண்டு பக்கமும் குடித்தனம். எங்க வூட்டுக்காரன் பெல்ட்டக் கழட்டுனா நான் கத்துவேன். நான் கத்துனா ரெண்டு வூட்லயும் டிவி சத்தத்த ஏத்துவாங்க. மூணு வருசம். ஒருத்தரும் வந்து கேக்கல. காலைல தண்ணி புடிக்கற எடத்துல என் மூஞ்சப் பாக்காம பேசுவாங்க.” அவள் சிரித்தாள், பிளந்த உதடு வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். “எனுக்கு வலிச்சா இன்னொருத்திக்கும் வலிக்குதுன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது.”

“சாலம்மா, உன் கண்ணுக்குப் பின்னால என்னவோ இருக்கு. எனக்குத் தெரியுது. இன்னொரு நல்ல அடி அங்க விழுந்தா நீ பொழைக்க மாட்ட.”

“தெரியும்க்கா. ரெண்டு ரெண்டாத் தெரிது இப்ப எல்லாமே. நீயே ரெண்டா இருக்கற.”

“அப்பறம் ஏன்?”

“நீ வேலைய வுட்டுட்டுப் போய்டாத” என்றாள் சாலம்மா. அவள் சொன்ன பதில் அதுதான்.

ஈஸ்வரி நேராகத் திருமூர்த்தியின் அறைக்குப் போனாள். வலை இரண்டு பக்கமும் போகிறது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

“ஆரம்பத்துல அது ஒரு கோளாறுங்க. உங்க பதட்டம் துளியூண்டு திரும்பக் கசிஞ்சுது. அடைச்சுப்போடலாம்னுதான் இருந்தோமுங்க. அப்பத்தான் கவனிச்சோம். உங்கள மாதிரி ரொம்ப மென்மையானவங்க அந்தப் பக்கம் உக்காந்திருந்தா, இந்தப் பக்கம் இருக்கற பொண்ணு ரொம்ப நேரம் தாங்குது.”

“ஆளுகளுக்கு அளந்து அனுப்பறதுக்குத்தான் எங்கள வெச்சிருக்கீங்கன்னு…”

“அது போன வருசத்திலிருந்தே மிஷின் பண்ணிடுதுங்க. உங்க கையப் பாத்தே கத்துக்கிச்சு. உங்க குமிழு எதுலயும் சேர்ந்தில்லீங்க இப்ப.” அவர் குரலில் குற்றவுணர்வு இல்லை, ஒரு நல்ல செய்தியை நிதானமாகச் சொல்கிற தொனி. “உங்க வேல அத விட ஒசத்திங்க ஈஸ்வரி. அடி வாங்கறவளுக்குத் தொணையா இருக்கறீங்க. ஊருல எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு, சொல்லுங்க?”

“அவ செத்துருவா.”

“நீங்க போனா வேற ஒருத்தர் வந்து உக்காருவாங்க. அவங்களும் பதறத்தான் போறாங்க. அதுக்குப் பேசாம தெரிஞ்ச நீங்களே இருக்கறது அந்தப் பொண்ணுக்கு நல்லதில்லீங்ளா?”

ஈஸ்வரி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமையாக இருந்தது. வேலையை விட்டால் சாலம்மா இன்னொருத்தியின் பதைப்புக்காகக் கையை இறக்குவாள். பதைப்பு வருகிறவரை அவள் அடி வாங்குவாள். அப்படியானால் பதைப்பை நிறுத்த வேண்டும். அதை அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் நிறுத்த முடியும்.

ஞானசேகரனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாலம்மாவுக்கு எதிராக பிங்கி இறங்கினாள். அரியானாக்காரி, அகன்ற தோள், இடது கை அடிக்காரி. ஈஸ்வரி தன் அறையில் உணர்வுச் சட்டையை மாட்டிக்கொண்டு, களத்தைப் பார்த்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மணி அடித்தது.

முதல் குத்து சாலம்மாவின் வாயில் விழுந்தது. பல் உதட்டுக்குள் இறங்கியது ஈஸ்வரிக்குத் தெரிந்தது. அவள் அசையவில்லை. வங்கியில், பள்ளிக்கூடத்தில், அண்ணி வீட்டில் உடம்பைக் கட்டிப்போட்டு வைத்திருந்த அந்தப் பழைய பழக்கத்தை உள்ளேயிருந்து எடுத்தாள். மூச்சைச் சமமாக்கினாள். வயிற்றை இறுக்காமல் தளர்த்தினாள். வலி வந்தது, போனது. அவள் ஒன்றும் திருப்பித் தரவில்லை.

சாலம்மா ஒரு நொடி நின்றாள். மறுபடி கையை இறக்கினாள். வயிற்றில் ஒன்று, காதோரம் ஒன்று. ஈஸ்வரியின் காதுக்குள் இரைச்சல் எழுந்தது. கண்ணில் நீர் வராமல் பார்த்துக்கொண்டாள். உடைந்த விலாவின்மேல் பிங்கியின் குத்து விழுந்தபோது தொண்டைவரை வந்த சத்தத்தை விழுங்கினாள். அவள் தன் வாழ்நாளில் செய்த எதுவும் இவ்வளவு கொடூரமாக இருந்ததில்லை. ஒருத்தி இருட்டில் கையை நீட்டித் துழாவுகிறாள். அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல இருந்தது.

இரண்டாவது சுற்றில் சாலம்மா தலையைத் திருப்பி ஈஸ்வரியின் அறை இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். நடுச்சண்டையில். வாய் அசைந்தது. அக்கா. அந்த நேரத்தில் பிங்கியின் கை வலது கன்னத்தில் இறங்கியது. இடது பக்கம் விழவில்லை, அது அதிர்ஷ்டம். ஈஸ்வரியின் உலகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

அப்போது சாலம்மாவின் உடம்பு ஒடுங்கியது. முதல் முறையாக, எல்லா உடம்பையும்போல. கைகள் மேலே ஏறின. அடுத்த அடியை அவள் முழங்கையில் வாங்கினாள். ஈஸ்வரி நிம்மதியில் கண்ணை மூடினாள். இதுதான் அவள் வேண்டியது.

அதற்கடுத்து வந்ததை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு குத்தின் வலி விரல் முட்டிகளில் வந்தது. வாங்கிய வலி அல்ல, கொடுத்த வலி. இன்னொன்று. இன்னொன்று. சாலம்மா அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் டிவியைச் சத்தமாக வைத்தவர்கள் எல்லாரும் அவள் முன்னால் ஒரே முகமாக நின்றதுபோல அடித்தாள். பிங்கியின் தாடை நழுவியது. அவள் கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகும் சாலம்மா நிறுத்தவில்லை. மணி அடித்தது. நடுவர் பின்னாலிருந்து பிடித்தார். அவரையும் உதறிவிட்டுக் குனிந்து முகத்திலேயே குத்தினாள். மூக்கெலும்பு பொடிந்து அமுங்குவது ஈஸ்வரியின் விரல் முட்டிகளுக்கு ஈரமாகத் தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், பிங்கியின் வலியை வாங்கிக்கொண்டிருந்த ஞானசேகரன் அலறினார்.

ஈஸ்வரி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அவர் அறைக் கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஒரு கை மட்டும் மேலே நீண்டு, குமிழைக் கடைசிவரை பின்னால் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“விடுங்க அண்ணா! கழட்டுங்க!”

“வுட்டா… எல்லாருக்கும் போயிரும் அம்மிணி…” என்றார் அவர் பல்லைக் கடித்தபடி. “கொழந்தைக கூடப் பாத்துட்டிருக்கும்…”

அந்தக் குமிழ் எதிலும் சேர்ந்தில்லை என்று ஈஸ்வரிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவள்தான் சொல்லவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, சட்டையைக் கிழித்துக் கழற்றினாள். அதற்குள் அவர் கண்கள் மேலே சொருகியிருந்தன.

பிங்கி பிழைத்துக்கொண்டாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஞானசேகரன் ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஈஸ்வரி பார்க்கப் போனபோது அவர் மனைவி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆளே மாறிட்டாருங்க! நேத்து எங்கூட மார்க்கெட்டுக்கு வந்தாருங்க. இருவது வருசத்துல மொத தடவ. மிக்ஸி போட்டாக்கூடக் கோவிக்கறதில்லைங்க.”

ஞானசேகரன் உற்சாகமாகப் பேசினார். உறவுக்காரரின் நூல் மில்லில் மேற்பார்வை வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல வேலை, எந்தத் தொந்தரவும் இல்லை. பேசிக்கொண்டே காபி டம்ளரை எடுத்தார்; கை பிசகிக் கொதிக்கிற காபி தொடையில் கொட்டியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. வேட்டியில் ஆவி பறந்தது. மனைவிதான் அலறிக்கொண்டு ஈரத்துணியோடு ஓடிவந்தாள். அவர் அவளை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்சிருந்துது அண்ணா” என்றாள் ஈஸ்வரி. “அந்தக் குமிழு வெறும் குமிழுதான்னு எனக்கு முன்னாலயே தெரியும். உங்ககிட்டச் சொல்லல.”

“அதுக்கென்ன அம்மிணி, போய்ட்டுப் போகுது” என்றார் அவர். அவளை மன்னித்த குரல் இல்லை அது. மன்னிக்க அவருக்குள் எதுவும் வலிக்கவில்லை.

மறுநாள் திருமூர்த்தி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சண்டையை இதுவரை இல்லாத அளவுக்கு ஜனங்கள் பார்த்திருந்தார்கள். அடி வாங்குகிற சுகம் ஜனங்களுக்குப் பழகிவிட்டது, அடிக்கிற சுகம் புதுசு என்றார்.

“பதட்டத்த அடக்கவும் முடியும்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க. கொஞ்ச நாள் குடுத்துட்டுப் பட்டுனு நிறுத்துனா அந்தப் பொண்ணுக இப்படிப் பாயுதுங்களே! புதுசா வர்றவங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கோணும். தனி அறை, தனி ஆளுக. நேரம் உங்க இஷ்டமுங்க.”

ஈஸ்வரி வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. அவள் செய்து காட்டியதெல்லாம் பதிவில் இருக்கிறது என்று மட்டும் தன்மையாகச் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வெளிக்கதவுக்கு அப்பால் வேப்ப மரத்தடியில் சாலம்மா நின்றுகொண்டிருந்தாள். தலை மொட்டையடிக்கப்பட்டு, இடது பக்கம் கட்டுப் போட்டிருந்தது. சண்டை முடிந்த இரவே மயங்கி விழுந்தவளின் மண்டையைத் திறந்து, இடது கண்ணுக்குப் பின்னாலிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். தோலுக்கடியிலிருந்த வலையையும் உருவிவிட்டார்கள். கழுத்தில், கையில், எங்கும் சிறு சிறு வெட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

“நீ செத்துட்டன்னு நெனச்சேன்” என்றாள் அவள்.

“இல்ல.”

“ரூம்ல இல்லாம எழுந்து போய்ட்டன்னு நெனச்சேன்.”

“அங்கதான் இருந்தேன். எல்லாத்தையும் வாங்கினேன். ஒண்ணு விடாம.”

“வாங்கிக்கினு சும்மா இருந்தியா?”

“நீ உயிரோட இருக்கணும்னு…”

சாலம்மா ஓங்கி அறைந்தாள். ஈஸ்வரியின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கால் தடுமாறி மரத்தில் இடித்துக்கொண்டாள். கன்னம் எரிந்தது, காது கூவியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ அடிகளை வாங்கியவளுக்கு நேராகத் தன்மேல் விழுந்த அடி இது ஒன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தாள். சாலம்மா தன் கையைத் தன் கன்னத்திலேயே அழுத்திப் பிடித்திருந்தாள். உடம்பு மொத்தமும் ஒரு முறை துடித்து அடங்கியது. கண்கள் நிறைந்து, உதடு கோணி, அடித்தவள் அவளாக இல்லாமல் அடி வாங்கியவள் அவளே என்பதுபோல நின்றாள். வலை எதுவும் இல்லை, நடுவில் காற்று மட்டும்தான் இருந்தது.

ஒரு முகம் தனக்காகப் பதைப்பதை ஈஸ்வரி அன்றுவரை கண்டதில்லை. அது உள்ளே இறங்கி, எப்போதிருந்தோ உறைந்து கிடந்த ஓரிடத்தைத் தொட்டது. இந்த முகத்தைப் பார்ப்பதற்காக இன்னொரு அடியும் வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியதை உணர்ந்ததும் பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.